நம்ம டீம் எது?

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



கோடை வந்து விட்டால் போதும். விழுப்புரம் ஜங்ஷனிலும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலும் மஞ்சள் சட்டைகள் தலைகாட்ட ஆரம்பித்து விடும். "என்னடா மச்சி, சேப்பாக்கமா?" என்று கேட்டால் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில் ஒரு பெருமை. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வாங்கும்போது கூட நம்ம பசங்க முகத்தில் அவ்வளவு பெருமை இருக்காது!

ஒரு டீமுக்காக இவ்வளவு தூரம் போய், காசு செலவழித்து, தொண்டை கிழியக் கத்தி, தோற்றால் ராத்திரி சோறு கூட இறங்காமல் படுக்கிற இந்த ஆசாமி யார்? ஏன் இப்படி இருக்கிறான்? இதனால் அவனுக்கு என்ன லாபம்? வீட்டில் பெரியவர்கள் கேட்கிற கேள்விதான். "அவன் கோடி கோடியா சம்பாதிக்கிறான், நீ ஏண்டா அழுவுற?" என்ற கேள்விக்கு நம்மில் பலருக்கு இதுவரை பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடுவதுதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் 86 வருஷம்!

முதலில் கொஞ்சம் வெளியூர் கதை. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். உருண்டையான மட்டை, 9 இன்னிங்ஸ், ஓடித் தொட வேண்டிய நாலு முனைகள். நம்ம கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய லீகில் ஒரு டீம் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆடும். அதில் பாதி, அதாவது 81 ஆட்டம், சொந்த ஊர் மைதானத்தில். கிட்டத்தட்ட ஆறு மாதம் தினமும் ஓர் ஆட்டம் என்ற கணக்கு. அதனால் அங்கே ரசிகனாக இருப்பது பண்டிகை மாதிரி அல்ல. தினமும் பல் விளக்குவது மாதிரி ஒரு பழக்கம்.

பாஸ்டன் நகரத்து டீம் ரெட் சாக்ஸ். 1918-ல் சாம்பியன் ஆனது. அடுத்த வருட சீசன் முடிந்ததும் பேப் ரூத் என்ற தன் மிகப்பெரிய ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது. அதன் பிறகு கோப்பையே இல்லை. "சாபம்" என்றே ஊர் சொல்ல ஆரம்பித்து விட்டது. பைனல் வரை வந்து வந்து தோற்றார்கள். கடைசியில் 2004-ல், அதே யாங்கீஸிடம் முதல் 3 ஆட்டங்களைத் தோற்று, அடுத்த 4 ஆட்டங்களையும் ஜெயித்து, பைனலையும் வென்றார்கள். 86 வருஷம்!

ஜெயித்த பிறகு நடந்ததுதான் முக்கியம். கொண்டாடிய கையோடு பல பேர் கல்லறைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அப்பா, தாத்தா கல்லறைகளின் மேல் டீமின் தொப்பியையும் கொடியையும் வைத்து விட்டு வந்தார்கள். "நீ பார்க்காமப் போயிட்டியே, நாம ஜெயிச்சிட்டோம்" என்று சொல்வதற்காக!

சிகாகோ கப்ஸ் இதையும் தாண்டியது. 1908-க்குப் பிறகு 2016-ல்தான் கோப்பை. 108 வருஷம். அவர்களுடைய ரிக்லி மைதானத்தின் வெளிச்சுவர் முழுக்க ஜனங்கள் சாக்பீஸால் பெயர்கள் எழுதினார்கள். எல்லாம் இந்த வெற்றியைப் பார்க்காமல் செத்துப்போன தாத்தா, பாட்டி, அப்பா, அண்ணன்களின் பெயர்கள்.

ஜப்பானிலும் இதே கதைதான். ஒசாகா பக்கத்து ஹான்ஷின் டைகர்ஸ் 1985-ல் ஜெயித்தபோது ரசிகர்கள் கால்வாயில் குதித்தார்கள். ஒரு கோழிக்கறிக் கடை வாசலில் நின்ற தாத்தா பொம்மையையும் தூக்கிப் போட்டார்கள். பிறகு டீம் கோப்பையையே பார்க்கவில்லை. "தாத்தா சாபம்" என்றார்கள். 2009-ல் அந்தப் பொம்மையைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். ஆனாலும் கோப்பை வந்தது 2023-ல்தான். 38 வருஷம்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. டீம் என்பது வெறும் ஆட்டக்காரர்கள் இல்லை. ஆட்டக்காரர்கள் பத்து வருஷத்தில் போய் விடுவார்கள். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற குலதெய்வம் மாதிரி, ஊர் மாதிரி, டீமும் ஒரு சொத்து. பத்திரம் இல்லாத சொத்து!

நம்ம வீட்டுக் கதை: 12 பைனல், 2 கோப்பை

"அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதுக்குப்பா?" என்கிறீர்களா? நம்ம வீட்டிலேயே அந்தக் கதை இருக்கிறது. நாம்தான் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4. மெட்ராஸும் மைசூரும் மோதின. மைசூர் 48-க்கும் 59-க்கும் ஆல் அவுட். மெட்ராஸ் 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்து, மெட்ராஸுக்கு இன்னிங்ஸ் வெற்றி. ஏ.ஜி. ராம்சிங் மட்டும் 11 விக்கெட். ஆரம்பம் என்னவோ அமோகம்தான்!

ஆனால் கோப்பை? 1935-36 பைனலில் தோல்வி. 1940-41 பைனலில் தோல்வி. 1954-55-ல் பாலு அளகன்னன் தலைமையில் இந்தூருக்கே போய் ஹோல்கர் அணியை ஜெயித்து முதல் கோப்பையைக் கொண்டு வந்தார்கள். பிறகு மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்றானது, அணியின் பெயரும் தமிழ்நாடு என்றானது. கோப்பை மட்டும் வரவில்லை.

1972-73 பைனலைக் கேட்டால் உங்களுக்கே வயிறு எரியும். சேப்பாக்கத்தில் பம்பாயோடு ஆட்டம். பந்து திரும்புகிற பிட்ச். நம்மிடம் வெங்கட்ராகவன், வி.வி. குமார் என்று இரண்டு பெரிய சுழல் பந்துவீச்சாளர்கள். பம்பாயை 151-க்கும் 113-க்கும் சுருட்டி விட்டார்கள். அப்புறம் என்ன, கோப்பை நமதுதானே? இல்லை! பம்பாயின் பத்மாகர் சிவால்கர் ஒரு இன்னிங்ஸில் 16 ரன் கொடுத்து 8 விக்கெட், அடுத்ததில் 18 ரன் கொடுத்து 5 விக்கெட். நாம் 80, 61. தான் வெட்டிய குழியில் தானே விழுவது என்பது இதுதான்.

இரண்டாவது கோப்பைக்கு 1988 வரை காத்திருந்தோம். 33 வருஷம். எஸ். வாசுதேவன் கேப்டன். சேப்பாக்கத்தில் ரயில்வே அணிக்கு எதிராக 709 ரன் குவித்து, இன்னிங்ஸ் மற்றும் 144 ரன் வித்தியாசத்தில் வெற்றி. அந்த வாசுதேவன் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் கூட ஆடியதில்லை. வி.வி. குமார் ரஞ்சியில் 400 விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர், ஆடியதோ 2 டெஸ்ட். மாநில அணிக்காக உழைத்து விட்டு, பேர் தெரியாமல் போனவர்கள் இப்படி எத்தனையோ பேர்.

அதற்குப் பிறகு 1991-92, 1995-96, 2002-03, 2003-04, 2011-12, 2014-15 என்று ஆறு பைனல். ஆறிலும் தோல்வி. அதில் மூன்று, நம்ம சேப்பாக்கத்திலேயே! 2014-15-ல் கர்நாடகத்தின் கருண் நாயர் 328 அடித்தார், நாம் இன்னிங்ஸ் தோல்வி. 2023-24-ல் செமி பைனலில் மும்பையிடம் அடி. ஆகக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் 12 பைனல், 2 கோப்பை. 1988-ல் பிறந்த குழந்தைக்கு இன்று கல்யாணமாகி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அந்தக் குழந்தை இன்னும் ஒரு ரஞ்சிக் கோப்பையைப் பார்க்கவில்லை.

ஒரு விஷயத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சின்ன ஆட்டங்களில் நாம் சோடை போகவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான டி20 கோப்பையை 2006-07, 2020-21, 2021-22 ஆகிய மூன்று முறை வென்றோம். 2021 நவம்பரில் டெல்லியில் நடந்த பைனலில் கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 5 ரன் தேவை. ஷாருக் கான் (நடிகர் இல்லை, நம்ம சென்னைப் பையன்) சிக்ஸர் அடித்தார்! 2022 நவம்பரில் நாராயண் ஜெகதீசன் ஒரு நாள் ஆட்டத்தில் 277 அடித்தார், அணி 506. அன்றைக்கு இரண்டுமே உலக சாதனை. ஆனாலும் பழைய ரசிகர்களைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் சரி தம்பி, ரஞ்சி எப்போ?" என்பார்கள்.

"நாம ஜெயிச்சோம்", "அவனுங்க தோத்துட்டானுங்க"

ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறோம்? மனோதத்துவக்காரர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஹென்றி தாஜ்ஃபெல் என்ற அறிஞர் 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடிக்கும் என்று கேட்டு, அதை வைத்துப் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது கூட ஒருவனுக்கும் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னார். தனக்கு ஒரு பைசா லாபம் இல்லாவிட்டாலும், பெரும்பாலான பையன்கள் முகம் தெரியாத தங்கள் குழுக்காரனுக்கே அதிகம் கொடுத்தார்கள்! 'நாம்', 'அவர்கள்' என்று ஒரு கோடு போட்டு விட்டால் போதும், மனசு தானாகச் சாய்ந்து விடுகிறது. ஏ செக்ஷன், பி செக்ஷன் என்று முதல் வருஷம் பிரித்தவுடன் நாம் அடித்துக்கொண்டோமே, அதே கதைதான்.

ராபர்ட் சியால்டினி என்ற இன்னொருவர் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவில் 7 பல்கலைக்கழகங்களில், கல்லூரி டீம் சனிக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை எத்தனை மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு வருகிறார்கள் என்று எண்ணினார். ஜெயித்த வாரம் அதிகம், தோற்ற வாரம் குறைவு. மாணவர்களிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், ஜெயித்த ஆட்டத்துக்கு "நாங்கள்" என்ற சொல் அதிகம் வந்தது, தோற்ற ஆட்டத்துக்குக் குறைவாக வந்தது.

நம்ம ஹாஸ்டலில் இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். ஜெயிச்சா "தூக்கிட்டோம்டா!" தோத்தா "ஒருத்தனும் ஒழுங்கா ஆடலடா!" அடுத்தவன் வெளிச்சத்தில் குளிர் காய்வது என்று இதைச் சொல்லலாம். தப்பில்லை, மனித சுபாவம்.

ஆனால் இங்கேதான் இரண்டு ரகம் பிரிகிறது. ஜெயிக்கும்போது மட்டும் "நாம்" என்பவன் பார்வையாளன். தோற்ற மறுநாளும் "நாம தோத்துட்டோம்" என்று சொல்கிறவன் ரசிகன். அந்த ஒரு சொல்தான் வித்தியாசம். பாஸ்டன்காரன் 86 வருஷம் சொன்னது அந்தச் சொல்லைத்தான்.

ஒன்று கவனியுங்கள். தோல்வியையும் ஏற்றுக்கொள்கிறவனுக்குத்தான் எதிராளியின் திறமையும் கண்ணுக்குத் தெரியும். 1999 ஜனவரி 31, சேப்பாக்கம் டெஸ்ட். 271 ரன் வேண்டும். முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தும் 258-க்கு ஆல் அவுட். 12 ரன்னில் பாகிஸ்தான் வெற்றி. அரங்கமே ஒரு நிமிஷம் உறைந்தது. பிறகு ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டது. சேப்பாக்கத்து ரசிகனுக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்றால் அது விசில் அடித்து வாங்கிய பெயர் மட்டும் இல்லை. இப்படிக் கை தட்டியும் வாங்கியது.

மஞ்சள் சட்டை

இப்போது மஞ்சளுக்கு வருவோம். சென்னை சூப்பர் கிங்ஸ் 2008-ல் பிறந்தது. 2010, 2011, 2018, 2021, 2023 என்று 5 கோப்பை. ரஞ்சியில் 90 வருஷத்தில் கிடைக்காததை 15 வருஷத்தில் கொடுத்த டீம். நம்ம பசங்க அதை நேசிப்பதில் என்ன ஆச்சரியம்?

அந்த நேசத்துக்கும் சோதனை வந்தது. அணி நிர்வாகத்தோடு தொடர்புள்ள ஒருவர் பந்தயம் கட்டிய விவகாரத்தில், 2016, 2017 ஆகிய இரண்டு வருஷம் டீமுக்குத் தடை. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு டீமாகச் சிதறினார்கள். 2018-ல் திரும்பி வந்தபோது காவிரிப் போராட்டம். ஏப்ரல் 10-ம் தேதி ஒரே ஓர் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. மீதி ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றி விட்டார்கள். அப்போது ஒரு தனி ரயிலில் ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்கள் சென்னையிலிருந்து புனேவுக்குப் போனார்கள். 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று அதற்குப் பெயர். அந்த வருஷம் கோப்பையும் வந்தது. 2025-ல் முதல் முறையாகப் பட்டியலில் கடைசி இடம். அன்றைக்கும் மஞ்சள் சட்டையைக் கழற்றாதவன் எவனோ, அவன் மேலே சொன்ன இரண்டாவது ரகம்.

டீம் யாருக்குச் சொந்தம்?

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். நாம் "நம்ம டீம்" என்கிறோம். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

நியூயார்க் நகரத்தில் புரூக்ளின் என்ற பகுதி. உழைக்கிற ஜனங்களின் பேட்டை. அவர்களுடைய பேஸ்பால் டீம் டாட்ஜர்ஸ். பைனலில் தோற்றுத் தோற்று, "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பதே ரசிகர்களின் வாடிக்கைப் பேச்சு. கடைசியில் 1955-ல் ஜெயித்தார்கள். நம்ம மெட்ராஸ் முதல் ரஞ்சிக் கோப்பை வாங்கிய அதே வருஷம்! பேட்டையே தெருவில் ஆடியது. இரண்டே வருஷம். 1957 சீசன் முடிந்ததும் முதலாளி டீமைத் தூக்கிக்கொண்டு, நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் விட்டார். புது மைதானத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்பது காரணம். 1960-ல் பழைய மைதானத்தையும் இடித்தார்கள். ரசிகனின் அழுகை எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படவில்லை.

கம்பெனி டீம் என்றால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அது முதலாளியின் சொத்து. ஏலத்தில் வாங்கலாம், விற்கலாம். மாநில அணி அப்படி இல்லை. தமிழ்நாடு அணியை யாரும் லக்னோவுக்குத் தூக்கிப் போக முடியாது. அது தோற்கலாம், காணாமல் போகாது. கம்பெனி டீமை நேசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எது நம்மிடமிருந்து பிடுங்க முடியாததோ, அதன் மேலும் கொஞ்சம் பாசம் வையுங்கள் என்கிறேன்.

விழுப்புரத்துக்காரனுக்கு எது சொந்த டீம்?

இது நமக்கே உரிய சிக்கல். 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகில் திண்டுக்கல், கோவை, மதுரை, சேலம், நெல்லை, திருப்பூர், திருச்சி என்று ஊர்ப் பெயர்கள் உண்டு. விழுப்புரம் இல்லை. பக்கத்தில் புதுச்சேரி 40 கிலோமீட்டர்தான். அவர்களுக்கு 2018-19 முதல் சொந்த ரஞ்சி அணியே இருக்கிறது. ஆனால் அது வேறு கொடி. சென்னையோ நமக்கு 160 கிலோமீட்டர், திண்டிவனத்துக்கு 120. இடையில் மாட்டிக்கொண்ட ஊர் நம்முடையது. ரயில் எல்லாப் பக்கமும் பிரிகிறது, டீம் மட்டும் இல்லை!

அப்படியானால் நமக்கு ஊர் டீமே இல்லையா? இருக்கிறது. அறுவடை முடிந்த வயலிலும் வற்றிய ஏரியிலும் டென்னிஸ் பந்தில் ஆடுகிற டீம்தான் அது. பொங்கலுக்கு மைக் செட் கட்டி, பிளக்ஸ் பேனர் வைத்து, சந்தா பிரித்து, ஒரே மாதிரி பனியன் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த டீமுக்கும் வாழ்நாள் ரசிகர்கள் உண்டு. துண்டை விரித்து வரப்பில் உட்கார்ந்து, "டேய், அவனுக்கு ஆப் சைடுல போடாதடா!" என்று கத்துகிற பெரியவர்களைப் பார்த்ததில்லையா? அவர்களிடம் கேட்டால், வருஷம் வாரியாக எந்த ஊரோடு எப்படித் தோற்றோம் என்று ஒப்பிப்பார்கள்.

அந்த டென்னிஸ் பந்துக்கும் மாநில அணிக்கும் நடுவில் ஒரு பாதை இருக்கிறது. மாவட்ட சங்கத்தின் லீக், பிறகு மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி, பிறகு சென்னை லீக், அதிலிருந்து மாநில அணி. நீண்ட பாதை. ஆனால் மூடிய பாதை இல்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய நடராஜன், சென்னை லீக், ரஞ்சி என்று ஏறி, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரே சுற்றில் ஒரு நாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அவருக்கு முதலில் கை தட்டியது அவர் ஊர்தான்.

நம்ம பாலிடெக்னிக் டீமும் அப்படித்தான். ஐ.பி.ஏ.ஏ. போட்டிக்கு நம்ம டீம் போகும்போது எத்தனை பேர் கூடப் போகிறோம்? விரல் விட்டு எண்ணி விடலாம். ஆயிரக்கணக்கில் செலவு செய்து சேப்பாக்கம் போகிற நாம், பக்கத்து டெஸ்கில் உட்கார்ந்திருப்பவன் பந்து போடுவதைப் பார்க்கப் போவதில்லை. இதை யோசிக்க வேண்டும்.

ரஞ்சி பார்ப்பது எப்படி?

"ரஞ்சி போர் அடிக்கும்" என்பது பொதுவான குற்றச்சாட்டு. கணக்குத் தெரியாமல் பார்த்தால் எதுவும் போர்தான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

லீக் ஆட்டம் 4 நாள், நாக்-அவுட் 5 நாள். நேரடி வெற்றிக்கு 6 புள்ளி. இன்னிங்ஸ் வெற்றியோ 10 விக்கெட் வெற்றியோ என்றால் போனஸ் 1. ஆட்டம் டிரா ஆனால், முதல் இன்னிங்ஸில் முந்தியவருக்கு 3, பிந்தியவருக்கு 1. ஆக டிராவிலும் ஒரு சண்டை இருக்கிறது. முதல் இன்னிங்ஸ் லீடுக்காகக் கடைசி விக்கெட் ஜோடி ஒவ்வொரு ரன்னாகப் பொறுக்குவதைப் பாருங்கள், கடைசி ஓவர் சிக்ஸருக்குக் குறைந்தது இல்லை அந்தப் படபடப்பு.

செலவுக் கணக்கும் சொல்லி விடுகிறேன். 2025 ஐ.பி.எல்.லில் சேப்பாக்கத்தில் மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். அதுவும் கிடைத்தால். கள்ள மார்க்கெட்டில் இன்னும் மேலே. ஆட்டம் முடிய ராத்திரி பதினொன்றரை ஆகி விடும். அப்புறம் கிளாம்பாக்கம் போய், பஸ் பிடித்து, விழுப்புரம் வந்து சேரும்போது பால்காரன் வந்திருப்பான். மறுநாள் லேபில் தூக்கம்.

ரஞ்சி காலை 9.30-க்கு ஆரம்பித்துச் சாயந்திரத்தோடு முடிகிறது. விடியற்காலை ரயில் பிடித்து, எழும்பூரில் இறங்கி, அடுத்த ஸ்டேஷனான பார்க்கில் மாறி, எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் சேப்பாக்கம். இறங்கினால் மைதானம். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். பெரும்பாலும் டிக்கெட்டும் கிடையாது. தமிழ்நாட்டு ஆட்டங்கள் கோவை, சேலம், நத்தம் என்று மாறி மாறி நடக்கும், அதனால் இடத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். கேலரியில் உங்களைச் சேர்த்து நூறு பேர் இருப்பார்கள். அங்கேதான் விஷயம் தெரிந்த பெரியவர்கள் கிடைப்பார்கள். அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையை டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்த தலைமுறை. பக்கத்தில் உட்கார்ந்து "ஐயா, 88 பைனல் பார்த்தீங்களா?" என்று கேட்டால் போதும், சாப்பாட்டு இடைவேளை போவதே தெரியாது.

ஒரு எச்சரிக்கை

பாசம் ஒரு பக்கம், பைத்தியம் ஒரு பக்கம். நடுவில் உள்ள கோடு மெல்லிசு. "நம்ம டீம் மேல நம்பிக்கை இருந்தா காசு கட்டுடா" என்று உசுப்பேற்றுகிறவன் ரசிகன் இல்லை, வியாபாரி. ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் போட்டது. சட்டம் வந்தாலும் சந்து பொந்தில் கூப்பிடுகிறவன் கூப்பிடுவான். செமஸ்டர் பீஸைக் கொண்டு போய் அங்கே கொட்டினால் எந்தக் கேப்டனும் வந்து கட்ட மாட்டார். காசு கட்டியவன் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, காசைத்தான் பார்க்கிறான். அவனுக்கு சிவால்கரின் 16 ரன்னுக்கு 8 விக்கெட் என்பது ஓர் அதிசயமாகத் தெரியாது, நஷ்டமாகத்தான் தெரியும். டீமைத் திட்டி ஆட்டக்காரனின் குடும்பத்தை ஏசுவதும் அதே வியாதியின் இன்னொரு முகம்.

முடிவாக...

"அவன் சம்பாதிக்கிறான், நீ ஏண்டா அழுவுற?" என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். நாம் அழுவது அவனுடைய காசுக்காக அல்ல. ஒரு பெயருக்காக. ஆயிரம் முகம் தெரியாத மனிதர்களோடு ஒரே நேரத்தில் எழுந்து நிற்கிற அந்த நிமிஷத்துக்காக. காத்திருக்கவும், தோற்கவும், தோற்ற மறுநாள் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்லவும் ஒரு டீம் நமக்குக் கற்றுக்கொடுக்கிறது. அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இந்தப் பாடத்தின் அருமை நன்றாகவே புரியும்!

நாம் இந்த மூன்று வருஷம் முடித்து ஆளுக்கொரு பக்கம் போய் விடுவோம். சிலர் ஸ்ரீபெரும்புதூர், சிலர் ஓசூர், சிலர் வளைகுடா. எங்கே இருந்தாலும் தமிழ்நாடு மூன்றாவது ரஞ்சிக் கோப்பையை ஒரு நாள் தூக்கத்தான் போகிறது. அன்றைக்கு அது நமக்கு ஒரு செய்தியாக மட்டும் இருக்குமா, அல்லது "நாம ஜெயிச்சிட்டோம்!" என்று போன் போட ஆள் இருக்குமா என்பது, இன்றைக்குக் காலியாகக் கிடக்கிற அந்தக் கேலரியில் நாம் போய் உட்காருவதைப் பொறுத்தது.

அடுத்த சீசனில் சந்திப்போம். டிபன் பாக்ஸ் கொண்டு வாருங்கள். விசில் இருந்தால் அதையும்!